ஏமனுக்கு மாங்கூழ் அனுப்பத் தடை இல்லையாம்; அப்புறம் ஏன் வங்கி மறுக்குது?

காவேரிப்பட்டணத்தான்:

வணக்கம்ங்க. ஏற்றுமதி, வங்கி விவகாரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரக்கு பெங்களூரா ரக மாங்கூழ், அசெப்டிக் (கிருமி நீக்கி அடைத்தது), டிரம்முக்கு 215 கிலோ. ஏமனில் ஜூஸ் போடும் கம்பெனி ஒன்று ஐந்து கண்டெய்னர் கேட்கிறது. கண்டெய்னருக்கு 80 டிரம், அதாவது 17.2 டன். வாங்குபவர் இருப்பது சனாவில், சரக்கு இறங்குவது ஹொதைதா துறைமுகத்தில், பணம் மட்டும் துபாயில் இருக்கிற வேறொரு கம்பெனி கணக்கிலிருந்து டாலரில் வருமாம். 30 சதவீதம் முன்பணம், மீதி பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) நகலைப் பார்த்ததும்.

வங்கி "ஹை ரிஸ்க் நாடு, எடுக்க மாட்டோம்" என்று வாயால் ஒரே வரியில் முடித்துவிட்டது, எழுத்தில் தரவில்லை. இந்திய மாங்கூழை அதிகம் வாங்கும் நாடுகளில் சவூதியோடு ஏமனும் ரொம்ப காலமாக இருக்கிறது, புதுசு ஒன்றும் இல்லை. உணவுப் பொருளுக்குத் தடை கிடையாது என்று அமெரிக்காக்காரனே எழுதி வைத்திருக்கிறான். அப்படியானால் இது யார் போட்ட தடை?

இன்னொன்று. அதே ஏமனுக்கு ஐ.நா. கப்பல் கப்பலாக உணவு அனுப்புகிறதே, அந்த வழியில் கூழை விற்க முடியுமா? துபாய் பணத்தை வாங்கலாமா, கூடாதா?

பர்கூர் டாகுமெண்ட்ஸ்:

அண்ணே, மூணு தடையை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறீங்க. பிரிச்சுப் பார்த்தாத்தான் உங்களைப் பிடிச்சிருக்கிறது எதுன்னு தெரியும்.

முதல்ல ஐ.நா. தடை. 2014ல வந்த தீர்மானம் 2140 சில ஆட்களோட சொத்தை முடக்குச்சு, 2015ல வந்த 2216 ஆயுதத்தைத் தடுத்துச்சு. நாட்டு வியாபாரத்து மேல தடை கிடையாது. இந்தியா சட்டப்படி ஏத்துக்கிறது இந்த ஐ.நா. தடையை மட்டும்தான். இதுல உங்க கூழ் மாட்டல.

ரெண்டாவது அமெரிக்கத் தடை. ஏமன் வடக்கைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஹூதி கிளர்ச்சிக்காரங்களோட அன்சாருல்லா அமைப்பை 2021 ஜனவரியில பயங்கரவாதப் பட்டியல்ல போட்டாங்க, அடுத்த மாசமே எடுத்தாங்க, 2024 பிப்ரவரியில வேற பிரிவுல போட்டாங்க, 2025 மார்ச் 4ல இருந்து மறுபடி 'வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பு'. சனாவும் ஹொதைதாவும் அவங்க கையிலதான் இருக்கு. வேளாண் பொருளுக்கும் மருந்துக்கும் அமெரிக்கக் கருவூலம் பொது உரிமம் குடுத்திருக்கிறது நிஜம். நீங்க படிச்சது அதைத்தான். ஆனா உரிமம் கூழுக்குத்தான், கூழைச் சுத்தி பட்டியல்ல இருக்கிற எல்லா ஆட்களுக்கும் இல்ல. வாங்குற கம்பெனியில பட்டியல்ல இருக்கிற ஆளுக்கு 50 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு இருந்தா அந்தக் கம்பெனியும் முடக்கப்பட்டதாத்தான் கணக்கு, அதோட பேர் தனியா பட்டியல்ல இல்லாட்டியும். வங்கிகளும் மாட்டும். 2025 ஜனவரியில ஏமன் குவைத் வங்கி, ஏப்ரல்ல இண்டர்நேஷனல் பேங்க் ஆஃப் ஏமன், ரெண்டும் பட்டியலுக்குப் போயாச்சு.

மூணாவது, வங்கி தனக்குத் தானே போட்டுக்கிற தடை. உங்களைப் பிடிச்சிருக்கிறது இதுதான். டாலர் துபாயில இருந்து நேரா கிருஷ்ணகிரிக்கு வராது. துபாய் வங்கி நியூயார்க்ல இருக்கிற தன்னோட தொடர்பு வங்கிக்குச் சொல்லும், அது நம்ம வங்கியோட நியூயார்க் கணக்குல வரவு வைக்கும், அப்புறம்தான் இங்க ரூபாயாகும். நடுவுல அமெரிக்க மண்ணு. செய்தியில 'ஹொதைதா'ங்கிற ஒரு வார்த்தை இருந்தாலே மென்பொருள் நிறுத்தி வெச்சிடும், யாராவது உக்காந்து பார்த்து விடுவிக்கணும். பார்க்கிற ஆளுக்குத் தப்பா விட்டா வேலை போகும், நிறுத்தினா ஒண்ணும் ஆகாது. நிறுத்தத்தான் செய்வாரு.

பயத்துக்குக் காரணம் இருக்கு. 2014ல சூடான், ஈரான், கியூபா பணத்தைக் கைமாத்தினதுக்காக பிரான்ஸோட பிஎன்பி பரிபா வங்கி ஏறக்குறைய 900 கோடி டாலர் கட்டுச்சு. இந்தப் பக்கம் உங்க சரக்கு 86 டன். கணக்குக்கு டன் 1,000 டாலர்னு வெச்சாலும் மொத்தம் 86,000 டாலர்தான், அதுல வங்கிக்கு நிக்கிற கமிஷன் சில ஆயிரம் ரூபாய். சில ஆயிரத்துக்காக நியூயார்க் கணக்கைப் பணயம் வைக்க எந்த மேனேஜரும் மாட்டாரு. எழுத்துல தராததும் அதுக்குத்தான். 'சட்டப்படி முடியாது'ன்னு எழுதினா பொய்யாகும், 'எங்களுக்கு லாபம் இல்ல'ன்னு எழுதினா அசிங்கமாகும்.

செய்ய வேண்டியதைச் சொல்றேன். டிரம் நிரப்புறதுக்கு முன்னாடி எல்லாப் பேரையும் எழுதி வாங்குங்க: வாங்குபவர், கன்சைனி (சரக்கு யார் பேருக்குப் போகுதோ அவர்), நோட்டிஃபை பார்ட்டி (சரக்கு வந்ததும் தகவல் சொல்ல வேண்டியவர்), அவங்க வங்கி, பணம் கட்டுறவர், அங்க கிளியரிங் பண்ற ஏஜெண்ட், கப்பல். ஒவ்வொண்ணையும் அமெரிக்கக் கருவூலத் தேடல் பக்கத்துலயும் ஐ.நா. தொகுப்புப் பட்டியல்லயும் தேடுங்க. அரபுப் பேரை ஆங்கிலத்துல நாலஞ்சு விதமா எழுதுவாங்க. வணிகப் பதிவுச் சான்றுல இருக்கிற எழுத்துப்படி ஒரு தடவை, மாத்தி மாத்தி நாலு தடவை. தேடின பக்கத்தைத் தேதியோட பிரிண்ட் எடுத்து வைங்க. பங்குதாரர் யார் யார், எவ்வளவு பங்குன்னு கையெழுத்தோட வாங்குங்க. இந்தக் கட்டை வங்கிக் கிளையிலயே விட்டுடாதீங்க, கிளைக்கு இதுல அதிகாரம் கிடையாது. வெளிநாட்டு வர்த்தகத்தை மொத்தமா பார்க்கிற மையப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்க. 'இந்த வாங்குபவர், இந்தத் துறைமுகம், இந்தப் பணம் கட்டுறவர், முன்கூட்டி ஒப்புதல் வேணும்'னு ஒரு பக்கக் கடிதம். ஆமான்னா ஆமா, இல்லேன்னா வேற வங்கி. சரக்கு கடல்ல போன பிறகு கேக்குற கேள்வி இது இல்ல.

முடிஞ்சா துறைமுகத்தை ஏடனுக்கு மாத்துங்க. ஏடன் உலகம் அங்கீகரிச்ச அரசாங்கத்துக்கிட்ட இருக்கு. ஹொதைதாவுக்குப் போற வணிகக் கப்பல் ஜிபூத்தியில இருக்கிற ஐ.நா. சோதனை அமைப்புக்கிட்ட அனுமதி வாங்கணும், 2016ல இருந்து இந்த ஏற்பாடு. 2024 ஜூலையில இஸ்ரேல் குண்டு போட்டதுல அங்க கிரேனும் எண்ணெய்க் கிடங்கும் அடிபட்டுச்சு. ஏடன்ல இறக்கினா வாங்குறவருக்குச் செலவு கூடும்தான்: லாரி வாடகை ஒண்ணு, வடக்கே நுழையுறப்ப ஹூதி சாவடியில ரெண்டாவது சுங்கம் ஒண்ணு. அது அவர் தலைவலி, விலையில பேசிக்கலாம். உங்க டாகுமெண்ட்ல ஹொதைதா வராது, அதுதான் நமக்கு வேணும். ஆனா நிஜமாவே ஏடன்ல இறங்கணும். காகிதத்துல ஏடன்னு போட்டு ஹொதைதாவுக்கு அனுப்பினா அது வேற கேஸ்.

தகடூர் கணக்கன்:

பர்கூர்காரர் வங்கிப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். வாங்குபவர் பணத்தை ஏன் துபாயிலிருந்து கட்டுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லோரும் அதைத் திருட்டுத்தனம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

2016 செப்டம்பரில் ஏமனின் மத்திய வங்கி இரண்டாக உடைந்தது. ஏடனில் ஒன்று, சனாவில் ஒன்று. ஏடன் புதிய நோட்டு அடித்தது. 2019 டிசம்பரில் சனா அந்த நோட்டு செல்லாது என்றது. அன்றிலிருந்து ஒரே பெயரில் இரண்டு ரியால். சனாவில் டாலருக்கு 500 சொச்சத்திலேயே பிடித்து வைத்திருக்க, ஏடனில் 2024இல் 1,600ஐத் தாண்டியது. சனாவில் ஜூஸ் விற்று வரும் பழைய ரியாலை டாலராக்கி முறையான வங்கி வழியாக வெளியே அனுப்ப ஒரு வியாபாரிக்கு வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் வளைகுடாவில் சொந்தக்காரர் கம்பெனியோ கூட்டாளி கம்பெனியோ வைத்து அங்கிருந்து கட்டுகிறார்.

உதவிப் பணம் இதற்குள் வேறொரு கோணத்தில் நுழைகிறது. 2018இல் சவூதி 200 கோடி டாலரை ஏடன் மத்திய வங்கியில் போட்டது. அந்தப் பணத்தில் உணவு இறக்குமதிக்கு எல்.சி. (விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறந்தார்கள், சந்தை விலையைவிட மலிவான டாலரில். ஆனால் எந்தப் பொருளுக்கு? அரிசி, கோதுமை, சர்க்கரை, பால், சமையல் எண்ணெய். ஐந்தே பொருள். இந்தப் பட்டியலில் இருக்கும் வியாபாரிக்கு மலிவு டாலர், இல்லாதவர் வெளிச்சந்தையில் வாங்க வேண்டும். மாங்கூழ் பட்டியலில் இல்லை. 2020 முடிவதற்குள் அந்த இருப்பு ஏறக்குறைய தீர்ந்தது. அதில் பெரிய வியாபாரிகள் கொள்ளை லாபம் அடித்தார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு 2021 தொடக்கத்தில் எழுதியது, பிறகு அந்தப் பகுதியை மறுபரிசீலனைக்கு எடுத்துத் திரும்பப் பெற்றது. குற்றம் உண்மையா பொய்யா என்ற பேச்சை விடுங்கள். எல்.சி. திறக்கும் அதிகாரம் யாரிடமோ, ஊரில் யார் வியாபாரி என்பதை அவரே தீர்மானிக்கிறார். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் யாருக்கு என்று தீர்மானிப்பவருக்கு ஊரில் உள்ள செல்வாக்கை நினைத்துக்கொண்டால் புரியும்.

அதனால் உங்கள் வாங்குபவரிடம் கேட்க வேண்டியது 'பணம் எங்கிருந்து' என்பது மட்டும் போதாது, 'அந்தத் துபாய் கம்பெனிக்கும் உங்களுக்கும் என்ன உறவு' என்பதும் வேண்டும். உரிமையாளர் ஒருவரே என்றால் வணிகப் பதிவில் தெரியும். ஹவாலாக்காரர் முகம் தெரியாத கம்பெனிப் பெயரில் அனுப்புகிறார் என்றால் அது முதல் தவணையிலேயே தெரிந்துவிடும்: பணம் சொன்ன பெயரில் வராது, இரண்டு மூன்று பெயரில் துண்டு துண்டாக வரும். அப்படி வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். செலவழித்துவிட்டு அப்புறம் யோசிக்கிற விஷயமல்ல.

காவேரிப்பட்டணத்தான்:

நன்றிங்க இரண்டு பேருக்கும். துபாய் கம்பெனி வாங்குபவரின் தம்பி பேரில் இருக்கிறதாம், பதிவுச் சான்று தருகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி மூன்றாம் ஆள் பணம் கட்டலாமா? டாலர்தானே சிக்கல் என்றால் திர்ஹாமில் வாங்கினால்?

பர்கூர் டாகுமெண்ட்ஸ்:

கட்டலாம். 2013 நவம்பர்ல ரிசர்வ் வங்கி அனுமதிச்சது. நிபந்தனை இருக்கு: பணம் வங்கி வழியாத்தான் வரணும், பணமோசடித் தடுப்பு விதிகளுக்கு உட்பட்ட நாட்டுல இருந்து வரணும், மூணாவது ஆள் கட்டுறாருன்னு ஏற்றுமதி அறிவிப்புலயே சொல்லணும். ஆர்டர்லயும் இன்வாய்ஸ்லயும் 'வாங்குபவர் இவர், பணம் கட்டுபவர் இவர்'னு ரெண்டு பேரும் இருக்கட்டும், முத்தரப்பு ஒப்பந்தம் ஒண்ணும் போட்டுக்கோங்க. அமீரகம் 2022 மார்ச்ல, பணமோசடித் தடுப்புல குறை இருக்கிற நாடுகளோட 'சாம்பல் பட்டியலுக்கு'ப் போய் 2024 பிப்ரவரியில வெளிய வந்தாச்சு. இப்ப அந்தப் பக்கம் தொந்தரவு குறைவு.

எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு உண்டு. ஷிப்பிங் பில்லுல (சுங்கத்துக்குக் குடுக்கிற ஏற்றுமதி அறிவிப்பு) மூணாவது ஆளைச் சொல்லாம விட்டுடுவாங்க. பணம் வந்ததும் வங்கி கண்காணிப்பு மென்பொருள்ல பில்லையும் வரவையும் பொருத்தப் பார்க்கும், பேர் பொருந்தாது, பில் திறந்தே கிடக்கும். ஏற்றுமதிப் பணம் வந்து சேரக் கெடு முன்ன 9 மாசம், 2025 நவம்பர்ல 15 மாசமாக்கினாங்க. கெடு தாண்டின பில் கிடந்தா அடுத்த சரக்குக்கும் கேள்வி வரும், அரசு தர்ற ஏற்றுமதிச் சலுகைப் பணமும் நிக்கும்.

திர்ஹாம்ல வாங்கினா நியூயார்க் தொடாது, சரிதான். ஆனா நம்ம வங்கியோட மென்பொருள் அதேதான், பட்டியலும் அதேதான். பயம் பாதி குறையும், அவ்வளவுதான். கேட்டுப் பாருங்க, தப்பில்ல.

முன்பணம் 30 போதாது. ஒரு டன் கூழுக்கு ஏறக்குறைய ரெண்டு டன் காய் போகுது. அஞ்சு கண்டெய்னர்னா 170 டன் காய்க்கு மண்டியில பணம் குடுத்துட்டு உக்காந்திருப்பீங்க. சரக்கு ஏறுறதுக்கு முன்னாடி முழுப் பணம், இல்லேன்னா கண்டெய்னர் கண்டெய்னரா அனுப்பி ஒண்ணுக்கு வந்த பிறகு அடுத்தது. இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிப் பணம் வராம போனா ஈடு தர்ற அரசு நிறுவனம்) காப்பீட்டை நம்பி அனுப்பறதா இருந்தா ஏமன் அவங்க நாட்டுப் பட்டியல்ல எந்த வகைன்னு முதல்ல கேளுங்க. தடை காரணமா பணம் வராம போனா அது கவர் ஆகுமான்னும் கேட்டு எழுத்துல வாங்குங்க.

சந்தூர் மேட்டுக்காடு:

ஐ.நா.வுக்கு விற்கும் கேள்விக்கு நான் சொல்கிறேன். முடியும், ஆனால் கூழை இல்லை.

உலக உணவுத் திட்டம் டெண்டர் போட்டு வாங்குகிறது. விற்க விரும்புகிறவர் ஐ.நா.வின் பொதுச் சந்தைத் தளத்தில் பதிந்து, பிறகு உணவுப் பிரிவின் சப்ளையர் பட்டியலுக்குத் தகுதி பெற வேண்டும். கணக்கு அறிக்கை, உணவுப் பாதுகாப்புச் சான்று, ஆலை ஆய்வு எல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் வாங்குவது கோதுமை மாவு, அரிசி, பட்டாணி, பருப்பு, எண்ணெய், உப்பு, சத்துச் சேர்த்த பிஸ்கட், குழந்தைகளுக்கான சத்துக்கலவை. ஒரு டாலருக்கு எத்தனை கலோரி என்பதுதான் கணக்கு. கூழில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், பிரிக்ஸ், அதாவது கரைந்த சர்க்கரை அளவு, 14, 16 தான். தண்ணீருக்குக் கப்பல் வாடகை கொடுத்துப் பசியாற்ற யாரும் வரமாட்டார்கள். பருப்பு உடைக்கும் மில், பிஸ்கட் ஆலை வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் முயலலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உதவி என்றால் யார் பணம் தருகிறாரோ அவர் ஊர்ச் சரக்கு, அவர் ஊர்க் கப்பல் என்றுதான் ரொம்ப காலம் நடந்தது. அமெரிக்க உணவு உதவியில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்று சட்டம். 1985இல் அதை 75 சதவீதமாக்கி, 2012இல் திரும்ப 50க்குக் குறைத்தார்கள். நம்மூர்ப் பள்ளிகளில் மதிய உணவுக்கு வந்த அமெரிக்கக் கோதுமை ரவையும் எண்ணெயும் அப்படித்தான் வந்தன, கேர் அமைப்பு வழியாக. அங்கே மிஞ்சியதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. சாப்பிட்ட பிள்ளைகளுக்குப் பசி தீர்ந்ததும் உண்மைதான், இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம், அந்தக் கப்பல்களும் இப்போது அவ்வளவாக இல்லை. 2023 டிசம்பரில் ஹூதி பகுதிகளில் பொது உணவு வழங்கலை உலக உணவுத் திட்டம் நிறுத்தியது. பணம் பற்றவில்லை, யாருக்குக் கொடுப்பது என்பதில் சனா அதிகாரிகளோடு உடன்பாடும் இல்லை. பயனாளிப் பட்டியல் யார் கையில் என்ற சண்டைதான் அது, ரேஷன் கார்டு எடுக்கப் போனவர்களுக்குப் புரியும். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தது, ஜூலை 1இல் யு.எஸ்.எய்ட் நிறுவனமே மூடப்பட்டது. உதவியை நம்பித் தொழில் திட்டம் போடாதீர்கள்.

பென்னாகரம் பக்கம்:

இதெல்லாம் பெரிய நாட்டுக்காரன் விளையாட்டு. உதவின்னா ஜப்பான் மாதிரி இருக்கணும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குச் சும்மா தூக்கிக் குடுத்தான், ஒரு நிபந்தனை கிடையாது.

தகடூர் கணக்கன்:

சும்மா கொடுக்கவில்லை ஐயா, கடன். திட்ட மதிப்பு 1,928.80 கோடி ரூபாய். 2008 மார்ச்சில் போட்ட முதல் ஒப்பந்தம் 2,238.7 கோடி யென். வட்டி குறைவு, தவணை நீளம், அது நிஜம். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்துகொண்டிருந்த மாவட்டத்துக்கு அது பெரிய காரியம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைக் கணக்காகப் பார்க்க வேண்டும்.

கடன் வாங்குவது மத்திய அரசு. 2005க்கு முன் அது ரூபாயாக மாற்றி மாநிலத்துக்குக் கொடுக்கும், மாற்று விலை ஏறினால் டெல்லியின் பாடு. 2005 ஏப்ரலுக்குப் பிறகு ஒப்பந்தமாகும் வெளிக்கடனை அதே நாணயத்தில், அதே நிபந்தனையில் மாநிலத்தின் தலையில் வைக்கிறார்கள். இதில் ஆபத்து எங்கே என்றால், 2008இல் ஒரு யென் 40 காசு அளவில் இருந்தது, 2012இல் 65 காசைத் தாண்டியது. 40 காசில் இறக்கிய ஒவ்வொரு யென்னையும் கூடுதல் விலையில் திருப்ப வேண்டும். 2012இல் இறக்கிய பகுதிக்கு அந்த நட்டம் இல்லை, அதற்கு அன்றே அதிக ரூபாய் கிடைத்துவிட்டது. ஆக, வேலை தாமதமானதால் கடனின் ஒரு பகுதியில் நாணய நட்டம் குறைந்தது, சிமெண்டும் குழாயும் விலை ஏறியதில் வேறு பக்கம் போனது. 'ஒன்றேகால் வட்டி' என்று மேடையில் சொல்பவர்கள் இந்த வரியைச் சொல்வதில்லை.

நிபந்தனை இல்லை என்பதும் பாதிதான். 1998 மே 11, 13 பொக்ரானுக்குப் பிறகு புதிய திட்டங்களுக்கு யென் கடனை இதே ஜப்பான் நிறுத்திவைத்தது. நடந்துகொண்டிருந்த வேலைகளை நிறுத்தவில்லை, புதிதாகக் கையெழுத்து மட்டும் இல்லை. 2001 செப்டம்பரில் அமெரிக்கா தன் தடையை விலக்கியது, அக்டோபரில் ஜப்பானும் விலக்கியது. நாம் அணுகுண்டைத் திருப்பிக் கொடுத்ததாலா? இரட்டைக் கோபுரம் விழுந்து, ஆப்கானிஸ்தான் போருக்கு இந்தப் பக்கத்து நாடுகள் தேவைப்பட்டதால். ஒகேனக்கல் ஒப்பந்தம் அந்த மூன்று வருட இடைவெளியில் போயிருந்தால் கோப்பு டோக்கியோவில் கிடந்திருக்கும்.

அதற்கும் முன்னால் போனால் 1965, 66. அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவிச் சட்டப்படி வந்த கோதுமையை வருடக் கணக்கில் ஒப்பந்தம் போடாமல் மாதக் கணக்கில் விட்டவர் அமெரிக்க அதிபர் ஜான்சன். வியட்நாம் போரைப் பற்றி டெல்லி பேசியது ஒரு காரணம், வேளாண் கொள்கையை மாற்று என்பது இன்னொரு காரணம். 1966 ஜூன் 6இல் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை 7.50 ஆக்கினார்கள், அதற்கும் உதவி தரும் நாடுகளின் நெருக்கடி உண்டு. உதவிக்குத் தனி இலாகா, தடைக்குத் தனி இலாகா என்று நினைக்க வேண்டாம். வால்வு ஒன்றுதான், எந்தப் பக்கம் திருகுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

பென்னாகரம் பக்கம்:

கடன்னு தெரியும் சார், வட்டி ரொம்பக் குறைவுங்கிறதால அப்படிச் சொன்னேன். யென் விலை விஷயம் தெரியாது. சரி, நம்ம அரசே இப்படிக் குடுக்குதே, 2022ல இலங்கைக்கு அனுப்பினோமே?

சந்தூர் மேட்டுக்காடு:

அனுப்பினோம். 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து, மொத்தம் 123 கோடி ரூபாய். அதிலும் தமிழ்நாடு நேராக அனுப்ப முடியவில்லை, டெல்லி அனுமதித்து, இந்திய அரசின் வழியாகத்தான் கொழும்பில் ஒப்படைத்தார்கள். வெளியுறவு ஒன்றியப் பட்டியல். மூட்டையில் யார் பெயர் என்பதுகூடப் பேச்சாக இருந்தது.

தடை விஷயத்துக்கு உள்ளூர் உதாரணமும் உண்டு. 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத்துப் பெங்களூரா காய் உள்ளே வரக்கூடாது என்று சாவடி போட்டது. காரணம் அங்கே ஆந்திர அரசு கிலோவுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது, வெளிக்காய் வந்தால் மானியக் கணக்கு குழம்பும். கர்நாடக முதல்வர் கடிதம் எழுதினார். மானியம் ஒரு கையில், சாவடி மறு கையில். இதற்கு நியூயார்க் வரை போக வேண்டியதில்லை.

ஓசூர் டூல்ரூம்:

கூழ்க்காரர்களாவது உணவு விலக்கு என்று பேச முடிகிறது. சிப்காட் பக்கம் உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது. ரஷ்யாவுக்கு அனுப்பினால் பார்க்க வேண்டியது அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன், ஜப்பான் சேர்ந்து வைத்திருக்கும் பொது முன்னுரிமைப் பட்டியல்: ஐம்பது சுங்கக் குறியீடுகள். சிப் மட்டும் இல்லை, சில வகை பேரிங், சி.என்.சி. இயந்திரம் எல்லாம் அதில் உண்டு. 2023 டிசம்பர் 22 ஆணைக்குப் பிறகு ரஷ்ய ராணுவத் தொழிலுக்கு உதவும் வெளிநாட்டு வங்கியையே அமெரிக்கா தண்டிக்கலாம். வங்கிகள் பேரிங் என்றாலே பின்வாங்குவது அதனால்தான். 2024 அக்டோபர் 30இல் வந்த பெரிய பட்டியலில் 19 இந்திய நிறுவனங்கள் இருந்தன. ஆர்டர் கொடுப்பவர் ரஷ்யராக இருக்க வேண்டியதில்லை. புதிதாகப் பதிந்த துருக்கி, கிர்கிஸ்தான் கம்பெனி, முன் அனுபவம் எதுவும் இல்லை, விலையே பேசாமல் உடனே ஒத்துக்கொள்கிறது என்றால் யோசியுங்கள். கடைசிப் பயனாளர் உறுதிமொழி வாங்காமல் அனுப்பாதீர்கள்.

காவேரிப்பட்டணத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று விட்டுப்போனது. இதே வாங்குபவரின் நண்பர் ஈரானில் இருக்கிறாராம், ரூபாயிலேயே தருகிறேன் என்கிறார். ரூபாய் என்றால் தொல்லை இல்லைதானே?

பர்கூர் டாகுமெண்ட்ஸ்:

ரூபாய் எங்க இருந்து வரும்னு கேளுங்க. 2012ல போட்ட ஏற்பாட்டுல நாம ஈரான் எண்ணெய்க்குக் குடுக்கிற பணத்துல 45 சதவீதம் ரூபாயா யூகோ வங்கியில விழுந்துச்சு, அதுல இருந்து அரிசி, தேயிலைக்காரங்களுக்குக் குடுத்தாங்க. 2019 மேல எண்ணெய் வாங்குறதை நிறுத்தியாச்சு. தண்ணி வராத தொட்டி எத்தனை நாள் தாங்கும்? இருந்த இருப்பு கரையக் கரைய ஏற்றுமதிக்காரங்க பணத்துக்குக் காத்துக் கிடந்தாங்க. ரஷ்யாவுக்கு நேர் எதிர்: எண்ணெய் எக்கச்சக்கமா வாங்கினோம், ரூபாய் குவிஞ்சுபோய் அதை வெச்சு என்ன பண்றதுன்னு 2023 மேல கோவாவுல அவங்க வெளியுறவு அமைச்சரே புலம்பினாரு. ரெண்டு பக்கமும் சரக்கு போனாத்தான் ரூபாய் வழி ஓடும்.

ரிசர்வ் வங்கி 2022 ஜூலை 11ல கொண்டுவந்த சிறப்பு ரூபாய் வோஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கி இந்திய வங்கியில ரூபாயில வெச்சிருக்கிற கணக்கு) இருக்கு. அவர் வங்கிக்கு இந்தியாவுல அந்தக் கணக்கு எந்த வங்கியில, அதுல இருப்பு உண்டான்னு அந்த இந்திய வங்கியே எழுதித் தந்தா பேசலாம். 2025 செப்டம்பர் கடைசியில ஈரான் மேல பழைய ஐ.நா. தடைகளும் திரும்ப வந்தாச்சு. முன்ன சொன்னேனே, இந்தியா ஐ.நா. தடையை மட்டும் ஏத்துக்கும்னு, இப்ப அந்த ஆறுதலும் ஈரானுக்கு இல்ல. உணவு அதுல தடையில்ல, ஆனா வாங்குறவர் பேரு, வங்கிப் பேரு, கப்பல் பேரு மூணையும் புதுப் பட்டியல்ல தேடணும்.

ஐரோப்பாக்காரங்க 2019ல இன்ஸ்டெக்ஸ்னு தனி வழியே கட்டினாங்க, மூணு பெரிய நாடு சேர்ந்து. 2020 மார்ச்ல மருத்துவப் பொருளுக்கு ஒரே ஒரு பரிவர்த்தனை, 2023ல மூடிட்டாங்க. அவங்களாலயே முடியலேன்னா நம்ம அஞ்சு கண்டெய்னருக்கு யாரும் வழி கட்டப்போறதில்ல. ஏமன் ஆர்டரை ஏடன் வழியா முடிங்க, ஈரானை இந்த சீசன் விடுங்க. அசெப்டிக் கூழுக்கு 18 மாசம் ஆயுசு இருக்கு, அதுல நாலு மாசத்தை ஒப்புதலுக்குன்னு ஒதுக்கிட்டு லாட் தேதி போடுங்க. மீதி டிரம்முக்கு நெதர்லாந்து விலையையும் கேட்டு வைங்க.